சீட்போஸ்ட் காட்டிக்கொடுத்த மாடல்

வெல்டிங் மெஷினை ஆன் செய்துவிட்டு, முகமூடியை நெற்றிமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கிள்ளானில் என் சைக்கிள் கடை. பண்டமாரானிலிருந்து ஜெயா அக்கா ஒரு பழைய ரோடு பைக்கை லோரியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர் பாசார் சந்தையில் வடை விற்பவர். வடையை ஏற்றிப்போன பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிவிட்டார். இந்தச் சனிக்கிழமையும் கடை போடாவிட்டால் அக்காவுடைய இடம் கைமாறிவிடும்.

"கேரியர் இல்லாத சைக்கிள்ல எப்படி ஏத்துறதுன்னு எங்க வீட்டுக்காரர் சாக்கு சொல்றாரு. அவரு மகளப் பார்க்க சுங்கை பூலோ போயிருக்காரு, வர்றதுக்குள்ள ஒரு கேரியர் பத்த வச்சிடுங்கண்ணே. பழைய இரும்புதான் லா."

ஸ்டிக்கரும் அப்படித்தான் சொன்னது. ஒரு ஜப்பான் கம்பெனியின் கடைசித் தர மாடல். கியரும் பிரேக்கும் அதே தரம். ஆனால் ஸ்டாண்டில் தூக்கி மாட்டியபோது எதிர்பார்த்த கனம் கைக்கு வரவில்லை. இப்படி ஒரு புதிர் கிடைத்தால் எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போவதுகூடத் தெரியாது. மெஷினை அணைத்தேன்.

சீட்டைத் தாங்கும் கம்பியான சீட்போஸ்ட்டை உருவி அளந்தேன். 27.2 மில்லிமீட்டர், குண்டு ரகம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய ஸ்டீல் ஃபிரேமில் குழாயின், அதாவது டியூபின், வெளி அளவு பெரும்பாலும் ஒன்றுதான். மலிவு மாடலில் டியூப் தடிப்பு, சீட்போஸ்ட் ஒல்லி. மேல் மாடலில் டியூப் மெல்லிசு, சீட்போஸ்ட் குண்டு. ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு பெயர் இருந்தது, அதே கம்பெனியின் முதல் தர மாடல்.

"அக்கா, நல்ல சைக்கிளை யாரோ வேணும்னே சாதாவா மாத்தியிருக்காங்க. இந்த மெல்லிசு டியூப்ல பத்த வச்சா வடையோட நடுரோட்ல ஒடிஞ்சிடும்."

"எங்க வீட்டுக்காரருதான் துறைமுகத்துக்கு வேலைக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு."

"அப்ப திருடனுக்குப் பயந்து ஒட்டியிருப்பாரு. அங்க நிறைய பேரு அப்படித்தான் செய்வாங்க."

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். "என்னங்க, சைக்கிள் ஸ்டிக்கர யார் மாத்துனா?"

அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர், "யாரு கேக்குறா?"

"கேரியர் பத்த வைக்கிற கடைக்காரரு."

"பத்த வச்சிட்டாரா?" என்றபோது அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

அக்கா போனை வைத்தார். "திருடனுக்குப் பயந்து இல்லண்ணே. எனக்குப் பயந்து. காசு போட்டு வாங்கிட்டு, பழைய இரும்பு, சும்மா குடுத்தாங்கன்னு சொன்ன மனுஷன்." கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

என்னிடம் அதே கம்பெனியின் நிஜமான கடைசித் தர மாடல் ஒன்று கிடந்தது. தடித்த டியூப், கேரியருக்குத் துளையும் உண்டு. வெல்டிங்கே வேண்டாம், போல்ட் போட்டு முடுக்கினால் போதும். அக்கா அதை எடுத்துக்கொண்டார். மற்றதை என்னிடமே விட்டார். "அவரே வந்து கேக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். மலிவு பைக்கில், பின்னால் வடைப் பெட்டியோடு. உள்ளே வந்து தன் ஃபிரேமை ஒருமுறை தடவினார்.

"எப்ப தருவீங்க?"

"அக்காவக் கேக்கணுமே."

"கேட்டேன். வடை வித்து முடிச்சிட்டு வான்னுட்டா." பாசார் பக்கம் மிதித்துப் போனார்.

எந்த மாடல் ஒசத்தி என்று இன்றைக்கும் கடையில் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எதை ஏற்றப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.