குருவிக்கு வெள்ளைச் சர்க்கரை

ஆறு வருடமாக வெள்ளைச் சர்க்கரை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தடை போட்டவள் நான்தான். காபிக்கு நாட்டுச் சர்க்கரை, பாயசத்துக்கு வெல்லம். விருந்துக்குப் போன இடத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி ஆசையாகச் செய்து வைத்த கேசரியைப் பார்த்து, "வெள்ளைச் சர்க்கரை விஷம், ஆன்ட்டி" என்று அவரிடமே சொன்னவள்.

ஃப்ரீமாண்ட்டில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக்கு ஒரு ரீங்காரச் சிட்டு, அதான் ஹம்மிங்பேர்ட், வர ஆரம்பித்ததும், ஏழாவது படிக்கும் மகள் அதற்காகச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைக்கும் ஒரு ஃபீடர் வாங்கி மாட்டினாள். சிட்டு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வெயில் பட்டால் கழுத்து ரோஜா நிறத்தில் மின்னும். அந்தரத்தில் அப்படியே நிற்கும், பின்பக்கமாகவும் பறக்கும். வேறு சிட்டு பக்கத்தில் வந்தால் துரத்தித் துரத்தி அடிக்கும். "கோபத்தில அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு" என்றார் கணவர்.

அதற்கும் நாட்டுச் சர்க்கரையைத்தான் கரைத்து ஊற்றினேன். இரண்டு வாரம். ஒரு ஜீவனுக்கு நல்லது செய்கிறோம் என்ற கர்வம் வேறு.

ஜனவரியில் ஒரு மாலை, மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் இரும்புச்சத்து இந்தப் பறவைகளின் உடம்பில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், அதைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாதாம். ஃபீடரைக் கொட்டிக் கழுவிக் காலியாக மாட்டினேன். அப்போதே எதிர் ஃப்ளாட்டில் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. காலையில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் திறந்தேன். பால்கனிக் கம்பி ஐஸாகச் சில்லிட்டிருந்தது. காலி ஃபீடரின் விளிம்பைப் பிடித்தபடி சிட்டு தலைகீழாகத் தொங்கியது. அசைவே இல்லை.

"கொன்னுட்டேன்டி!" என்று கத்திவிட்டேன்.

மகள் ஓடிவந்து பார்த்துவிட்டு மறுபடி போனில் தேடினாள். குளிர் ராத்திரிகளில் இவை இதயத் துடிப்பைக் குறைத்து, உடம்பைக் குளிரவிட்டு, செத்ததுபோல் உறங்குமாம். மத்திய அமெரிக்காவின் மலைக்காடுகளில் வண்டைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் இதன் உறவுகளும், உடம்பில் இருக்கும் கொஞ்சம் தெம்பு தீர்ந்துவிடாமல் இப்படித்தான் இரவைக் கடக்கின்றனவாம். உயிர் இருந்தால் வெயில் ஏறும்போது நடுங்கி விழிக்கும். விழித்ததும் அதற்கு ஆகாரம் வேண்டும்.

"இட் நீட்ஸ் ஷுகர், அம்மா. ரைட் நவ்!"

நைட்டிக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரை இருக்குமா?"

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கும்மா? உங்க வீட்ல யாரும் தொட மாட்டீங்களே."

"குருவிக்கு, ஆன்ட்டி. சாகக் கிடக்குது."

"ஓஹோ. நாங்க சாப்பிட்டா விஷம், குருவிக்கு மட்டும் மருந்தா?" சொல்லிக்கொண்டே டப்பாவோடு தூக்கிக் கொடுத்தார். "ஓடு, ஓடு. அப்புறம் திட்டிக்கறேன்."

கரைத்து, ஊறுகாய் பாட்டிலின் சிவப்பு மூடியில் ஊற்றி, சிட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றேன். கை வலித்தது. வெயில் மெதுவாகக் கம்பியைத் தாண்டி ஃபீடரைத் தொட்டது. முதுகு இறகுகள் லேசாகச் சிலிர்த்தன. பிறகு அந்தச் சின்ன உடம்பு முழுக்க நடுக்கம். கண் விழித்தது. ஒரு படபடப்பு, அடுத்த நொடி அந்தரத்தில் நின்றது.

போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. என் கைக்கு இறங்கிவந்து மூடிக்குள் அலகை விட்டுக் குடித்தது. இறக்கைக் காற்று என் விரல்களில் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யூ டிட்ன்ட் கில் இட், அம்மா" என்றாள் மகள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.