நாற்காலியில் உட்கார்ந்த சட்டை

ஞானமுத்துவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் ஆம்பூரில் ஒருவராலும் சட்டென்று சொல்ல முடியாது. பெயருக்கு சூப்பர்வைசர். ஆனால் அவர் எதையும் மேற்பார்வை பார்த்ததில்லை. ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் அந்தச் சின்ன யூனிட்டின் ஆபீஸ் அறையில் இரண்டு மேஜைகள் உண்டு. ஒன்றில் முதலாளி சத்தார், இன்னொன்றில் அவர் தம்பி, அவரும் முதலாளிதான், அஸ்பாக். நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதில் ஞானமுத்து. அண்ணன் சொல்வதைக் கேட்டு, நாற்காலியைத் திருப்பி, தம்பியிடம் சொல்ல வேண்டும். தம்பி சொல்வதைக் கேட்டு, இந்தப் பக்கம் திருப்பி, அண்ணனிடம் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். வேலூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் இந்த வேலைக்கு இன்னொரு ஆள் கிடைக்க மாட்டான். கிடைத்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது கிளிக்கிங் மெஷினால். அச்சை வைத்துத் தோலை வெட்டுகிற மெஷின் அது. லாரியிலிருந்து இறங்கிய அன்றைக்கு, அது வாசலைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார் அண்ணன். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார் தம்பி. பேச்சு தடித்தது. அண்ணன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்போது மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர்தான் ஆபரேட்டர் ஞானமுத்து.

"ஞானம், இந்தக் கழுதைகிட்ட இனிமே நான் பேச மாட்டேன். வாசலைப் பாத்துதான் நிக்கணும்னு நீயே சொல்லிடு!"

"ஞானம், அந்தாளுகிட்ட நானும் பேசலன்னு சொல்லிடு. செவுத்தைப் பாத்துதான் நிக்கணும்!"

மூன்று பேரும் நின்றது ஒரு பெஞ்சு அகலத்துக்குள். ஞானமுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "பெரிய பாய் வெளிச்சம் வேணும்ன்றார்" என்றார் தம்பியிடம். "சின்ன பாய் தூசி வரக் கூடாதுன்றார்" என்றார் அண்ணனிடம். இரண்டு பேருமே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் தாடையைத் தடவி யோசித்தார்கள். மெஷினைக் குறுக்காக நிறுத்தினார்கள். இன்றைக்கும் அது கோணலாகத்தான் நிற்கிறது, புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் நாள் அதில் இடுப்பை இடித்துக்கொள்கிறார்கள். அந்த மாலையே ஞானமுத்து மெஷினிலிருந்து நாற்காலிக்கு உயர்ந்தார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதருக்கு யாருடைய சிபாரிசும் இல்லாமல், தன் வாயாலேயே கிடைத்த நாற்காலி அது.

இதில் ஒரு சட்டம் உண்டு, யாரும் சொல்லி வைக்காத சட்டம். அண்ணன் பேசுவது தம்பிக்குக் கேட்கும். கேட்காமல் எப்படி இருக்கும்? மேஜைக்கு மேஜை கை நீட்டினால் எட்டும். ஆனால் ஞானமுத்து சொல்லாதவரை அது கேட்டதாகக் கணக்கில்லை. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் பேசப்பட்ட பேச்சு.

"ஞானம், உப்பு போடாத தோல்டா நீ, ரெண்டே நாள்ல நாறிடுவேன்னு அவன்கிட்ட சொல்லு" என்று அண்ணன் கத்துவார். தையல் லைனில் இருக்கும் பெண்கள் வரைக்கும் கேட்கும். ஞானமுத்து கண்ணை மூடி முழுசாகக் கேட்பார். நடுவில் குறுக்கே பேச மாட்டார். பிறகு எச்சிலை ஒரு தடவை விழுங்குவார். நாற்காலி கிறீச்சென்று திரும்பும்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குதாம். உடம்பைப் பாத்துக்கச் சொல்றார் பெரிய பாய்."

அஸ்பாக் முகம் சிவந்திருக்கும், காது துடிக்கும். ஆனாலும் பதில் இதற்குத்தான் வரும். "பாத்துக்கிறேன்னு சொல்லு."

இப்படித்தான் அந்த யூனிட் ஓடியது. ஆர்டர் வந்தது, சரக்கு போனது, பெருநாளுக்கு போனஸ் போட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஒற்றுமையாக இருந்த கூட்டாளிகள் எல்லாம் பிரிந்து போனார்கள். பேசிக்கொள்ளாத இந்த இரண்டு பேர் மட்டும் பிரியவில்லை. ஞானமுத்து இருக்கையில் எப்படிப் பிரிவார்கள்?

ஒருநாள் நாற்காலி திரும்பியது, குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அவர் மனைவி இன்பம், கணியம்பாடி பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். அவள்தான் வேலூருக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது என்றார்.

"ரொம்பக் கத்துவாரா?"

"இவரா? இவருக்குக் கத்தவே தெரியாது டாக்டர்" என்றாள் இன்பம். "ஊரான் கத்துறதை எல்லாம் முழுங்குவார். அதான் தொண்டையிலயே நின்னு போச்சு."

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ஞானமுத்துவுக்கு அது உண்மை என்று பட்டது.

வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கட்டியைப் பற்றிக் கவலை இல்லை. நாற்காலியைப் பற்றித்தான் கவலை. ஆள் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டார்கள் என்றால், ஆளே தேவையில்லை என்று தெரிந்துபோகுமே! அண்ணன் சொல்வது தம்பிக்குக் கேட்கத்தானே செய்கிறது? யாராவது ஒருவர் வாய் தவறி நேராகப் பதில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுபடி மெஷினில் நிற்கிற வயதும் இல்லை. அதைவிட, ஊரில் வேறு எவனுக்கும் வராத வேலையைச் செய்கிறவன் என்ற பெயர் என்னாவது? இதை எல்லாம் இன்பத்திடம் கையாலேயே சொல்லிப் பார்த்தார்.

"இன்னாங்க, பசிக்குதா?" என்றாள் அவள்.

நாலைந்து நாள் கழித்துத் தேவகி வந்தாள். தையல் லைனில் வேலை செய்கிறவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"அக்கா, அண்ணனோட சட்டை ஒண்ணு குடுங்க. பெரிய பாய் வாங்கினு வரச் சொன்னார்."

"சட்டை எதுக்குடி?"

"நாற்காலில மாட்டத்தான். வெறும் நாற்காலியைப் பாத்து எப்டி பேசுறதுன்னு பெரிய பாய் கேட்டார். யாரைன்னா உக்கார வெச்சா அவன் கேட்டதை அப்டியே சொல்லித் தொலைச்சிட்டா இன்னா பண்றதுன்னு சின்ன பாய் கேட்டார். ரெண்டு பேரும் என்னைப் பாத்துதான் கேட்டாங்க. நான்தான் சட்டை மாட்டலாம்னேன்."

இன்பம் நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஞானமுத்து எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம் என்பதற்கு அதற்கு மேல் எப்படி ஆட்டுவது?

"நல்லா தேச்சிக் குடுங்கன்றார் அண்ணன்" என்றாள் தேவகி. இன்பம் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள்.

வாரக் கடைசியில் தேவகி மறுபடி வந்தாள். ஞானமுத்து வாசலிலேயே நின்றிருந்தார்.

"சூப்பரா ஓடுது அண்ணே! சட்டை வந்ததுல இருந்து ஒரு பேஜாரும் இல்ல. பெரிய பாய் சட்டைகிட்ட சொல்வார். நான் நாற்காலியைத் திருப்புவேன். சின்ன பாய் பதில் சொல்வார். டீ கூட வெக்கிறாங்க சட்டைக்கு."

யார் குடிப்பது என்று ஞானமுத்து கையால் கேட்டார்.

"நான்தான். பாழாவா போடுறது?"

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மனுஷனுக்கு மனுஷன் பொறாமைப்படுவதை ஊர் பார்த்திருக்கும். தன் சட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் ஞானமுத்து ஒருவர்தான். அதுவும் போன கிறிஸ்துமஸுக்குத் தானே துணி பார்த்துத் தைத்த சட்டை.

மறுநாள் காலை அவர் யூனிட்டுக்குக் கிளம்பிவிட்டார். இன்பம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "வாயைத் திறந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றாள்.

ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலியில் சட்டை, காலர் நிமிர்ந்து, முன்பக்கம் பொத்தான் எல்லாம் போட்டு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் டீ ஆவி பறந்தது.

"ஞானம்" என்றார் சத்தார் சட்டையிடம். "மண்டையில களிமண்ணு இருக்கறவன்தான் அந்தப் பார்ட்டிக்குச் சரக்கு அனுப்புவான்னு அவன்கிட்ட சொல்லு!"

தேவகி நாற்காலியைத் திருப்பினாள். அஸ்பாக் சட்டையை உற்றுப் பார்த்தார். ஒரு எச்சில் விழுங்குகிற நேரம் ஆனது. அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி ஞானம். நல்லா விசாரிச்சிட்டே அனுப்புறேன்னு சொல்லு."

ஞானமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் விழுங்கி விழுங்கிச் செய்த வேலையை, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சட்டை செய்கிறது. அவர் என்ன சொல்வார் என்று அவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கிறது! வேறு யாராவது என்றால் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஞானமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சத்தார் அவரைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை.

"ஞானம், யாரோ வந்துக்கிறாங்க பாரு. உக்காரச் சொல்லு."

அவ்வளவுதான். தொண்டையில் நின்றது எல்லாம் கிளம்பிவிட்டது.

"யாரோவா? நான் யாரோவா?" கரகரவென்று, பழைய ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "யோவ் சின்ன பாய், நீ உப்பு போடாத தோலு, ரெண்டே நாள்ல நாறிடுவியாம்! உங்க அண்ணன் சொன்னார்! மிஞ்சின துண்டுல செருப்புக் கூடத் தைக்க முடியாது, நீ அதுக்கும் கம்மியாம்! பெரிய பாய், நீ தோல் ஊற வெச்ச தண்ணியாம், மூக்கைப் பிடிச்சினுதான் உன்கிட்ட வரணுமாம்! உங்க தம்பி சொன்னார்! உன் மூஞ்சியைப் பாத்துதான் மெஷினே கோணிக்கினு நிக்குதாம்!"

நிற்கவில்லை. போன ரம்ஜானில் சொன்னது, அதற்கு முந்தைய மழைக்காலத்தில் சொன்னது, அஸ்பாக் மகள் கல்யாணத்தில் பிரியாணிக்குத் தால்ச்சா ஊற்றும் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது என்று ஒன்று விடாமல் வந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் கதவில் வந்து நின்றார்கள். தேவகிக்கு டீ புரையேறியது.

கடைசியில் அவர் நாற்காலியைக் காட்டினார். "பெருச்சாளிங்களா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து உக்காந்து என் தொண்டை போச்சி! என் சட்டைக்கு டீ வெக்கிறீங்க, எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

சகோதரர்கள் இரண்டு பேருக்கும் முகம் தோல் மாதிரி இறுகியிருந்தது. அப்போது சத்தார் கண்ணை மூடினார். எச்சிலை விழுங்கினார். தம்பி பக்கம் திரும்பினார்.

"அஸ்பாக்" என்றார். "அவர் இன்னா சொல்றார்னா, நம்ம ரெண்டு பேரையும் ரொம்பத் தேடினாராம்."

அஸ்பாக்கும் விழுங்கினார். "ஆமாண்ணா. நாற்காலியும் வேணுமாம்."

அவரே எழுந்து சட்டையைக் கழற்றி, தூசி தட்டி, மடித்து, ஞானமுத்து கையில் கொடுத்தார். ஞானமுத்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சென்றது.

அப்போதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று உறைத்தது. சத்தாருக்கு வியர்த்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஞானம்! நான் அவன்கிட்ட பேசல. உன்னைப் பத்தித்தான் பேசினேன். அதை அவன்கிட்ட சொல்லிடு!"

"ஞானம், நானும் பேசல! வாய் தவறிடுச்சின்னு சொல்லு!"

ஞானமுத்துவுக்குக் குரல் அதோடு சரி, மறுபடி காற்றுதான். அவர் கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பி, தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். பிறகு அண்ணன் பக்கம் திருப்பி, இன்னொரு ஆட்டு.

"அப்போ சரி" என்றார் அஸ்பாக்.

"அதான் பாத்தேன்" என்றார் சத்தார்.

மாதம் முடிகிற வரைக்கும் ஞானமுத்து அந்தத் தலையாட்டலிலேயே வேலையை நடத்தினார். சம்பளத்தில் ஒரு ரூபாய் கம்மி இல்லை. டீ தேவகிக்குப் போவது மட்டும் நின்றது, அதில் அவளுக்கு இன்றைக்கும் கோபம்.

மறுபடி வேலூருக்குப் போனார்கள். டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். கட்டி கரைந்திருந்தது.

"சொன்ன மாதிரியே இருந்தாரா? வாயைத் திறக்கவே இல்லையே?"

ஞானமுத்து வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். இன்பம் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எச்சிலை விழுங்கினாள்.

"ஒரே ஒரு தடவை தும்மினார் டாக்டர். அவ்ளோதான்."