கம்பியைத் தொடாமல்

என் மனைவி பஸ் கண்டக்டர், நான் டிரைவர். வீட்டிலும் விசில் அவள் வாயில்தான், எனக்கு அதில் வெட்கமில்லை.

போன வருடம் அவளுக்கு முழங்கால் உடைந்தது. குணமாகி வந்தவளை டிப்போ மேனேஜர், "ஓடுற பஸ்ல இந்தக் கால் நிக்காதும்மா" என்று சொல்லி, பயணிகள் தவறவிட்ட பொருள்கள் வைக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார். ஒற்றைச் செருப்புகளுக்கும் குடைகளுக்கும் நடுவே இடித்த புளி மாதிரி இருந்தாள். வீட்டிலும் பேச்சில்லை. நாள் முழுக்கக் கத்துகிறவள் வாயை மூடிக்கொண்டால் அது வீடா?

எங்கள் டிப்போவில் வருடா வருடம் ஒரு கூத்து நடக்கும். வளாகத்துக்குள் சுற்றி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டும். எதைத் தொட்டாலும், யாரைத் தொட்டாலும் அவுட். கடைசியாக நிற்பவருக்குக் கோப்பை. இந்த முறை பஸ்ஸை ஓட்டுவது நான். அவள் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"நான் நின்னு காட்டினா திரும்ப பஸ்ல ஏத்துவீங்களா சார்?"

"முதல்ல நில்லும்மா, பாக்கலாம்" என்று சிரித்தார் மேனேஜர்.

பெண்டாட்டிக்காக மெதுவாக ஓட்டுவான் என்று ஒர்க் ஷாப் முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட முடியுமா? போட்டியன்று காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "பிரேக்கை மட்டும் பூ மாதிரி போட்டீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்."

பூ மாதிரிப் போடவில்லை. முதல் வளைவிலேயே பாதிப் பேர் சீட்டில் விழுந்தார்கள். விழுந்த மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

கடைசியில் அவளும் டயர் மாட்டுகிறவரும்தான் மிச்சம். ஆள் ஒரு லாரி டயர் அளவு இருப்பார். கண்ணாடியில் அவள் முழங்காலையே பார்த்தேன். மறுபடி உடைந்தால் என்ன செய்வேன்? ஆனாலும் காலையில் அவள் சொன்ன சொல்லுக்காகப் பிரேக்கை மிதித்தேன்.

டயர்காரர் கதவில்லாத முன்படியை நோக்கிப் பறந்தார். பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"உள்ள வாப்பா! படியில நிக்காத!"

பஸ் நின்றது. அவள் இன்னொரு கை காற்றில்தான் இருந்தது, கம்பியில் இல்லை.

முன் சீட்டிலிருந்த மேனேஜர், "தொட்டுட்டியேம்மா, அவுட்டு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சீட்டை விட்டு எழுந்தேன். அவள் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள்.

"கப்பை அவருக்கே குடுங்க சார். இவரையும் சேர்த்துத் தாங்குச்சே, இந்தக் கால் நின்னுச்சா இல்லையா? எனக்கு என் டிக்கெட் பையைக் குடுங்க."

மேனேஜர் டயர்காரரின் உடம்பைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். "நாளைக்கு டியூட்டிக்கு வந்துடும்மா" என்றார்.

கோப்பை டயர்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை அவர் யாருக்குக் காட்டினாலும் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன், தோற்றது என் பெண்டாட்டி என்று.