கண்ணை மூடிக் கை தூக்குங்கள்

நகராட்சி உறுப்பினர்களுக்கு முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்பது அந்த அம்மாளின் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் அவருக்குக் 'கண்மூடி டீச்சர்' என்றுதான் பெயர். தலைவர் கை தூக்கினால் மற்றவர்கள் கையும் தானாக எழும்புகிற நோய்க்கு அவர் கண்டுபிடித்த மருந்து அது: வாக்கெடுப்பில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

அன்று ஒரு மன்றத்தில், ஏற்கெனவே ஏகமனதாக முடிவான சந்தை வாசல் நீரூற்றுத் திட்டத்தைப் பயிற்சிக்காக மறுபடி வாக்குக்கு விட்டார். கண்கள் மூடின. ஒரு கைகூட எழவில்லை. யோசனை சொன்ன தலைவரின் கையும் மடியிலேயே கிடந்தது.

"கண்ணத் தொறங்க. ஒருத்தருக்கும் வேணாமாம்! தலைவரே, உங்களுக்குமா?"

தலைவர் அசடு வழிந்தார். "சும்மா பேச்சுக்குத்தாம்மா சொன்னேன். எல்லாரும் அவ்வளவு ஆசையா கை தூக்குனாங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல."

மன்றமே வயிறு குலுங்கச் சிரித்தது. நீரூற்று போய், சந்தைக்குக் கழிப்பறை வந்தது.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் இந்தக் கதையைச் சொன்னார். கணவர் ரசித்துக் கேட்டுவிட்டு, தட்டை மெல்ல நகர்த்தினார். "நம்ம வீட்லயும் வச்சுப் பாக்கலாமா? உன் சமையல் நல்லாருக்குன்னு நெனக்கிறவங்க எல்லாம்..."

"கையத் தூக்குங்க," என்றார் டீச்சர், கரண்டியை ஓங்கியபடி. "கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு!"