புட்டியிலிருந்து போன தேள்

அப்போது நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆவடியில், அப்பாவுக்குத் தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணுக்காலிகளில் வகைக்கு ஒன்று கொண்டுவரும்படி கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நண்டு கிடைத்தது. மரவட்டை, பூரான், கரப்பான் எல்லாம் வீட்டைச் சுற்றியே இருந்தன. எட்டுக்கால் வகைக்குச் சிலந்தி போதும்தான். எனக்குத் தேள் வேண்டியிருந்தது.

நான் சொல்லிவைத்திருந்த பால்காரம்மா ஒருநாள் தகர டப்பாவோடு வந்தாள்.

"செங்கல்லாண்ட கெடந்துச்சு, புட்ச்சாந்தேன். பாத்து வச்சுக்கோ கண்ணு."

கருந்தேள். கண்ணாடிப் புட்டியில் விட்டு, வாயைத் துணியால் கட்டி அலமாரியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

மாலையில் வந்தபோது அம்மா கட்டில்மேல் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூனை தள்ளியிருக்க வேண்டும். புட்டி தரையில் கிடந்தது, துணி அவிழ்ந்திருந்தது.

"தேளு எங்கட்டி? ஒங்கப்பா வார நேரமாச்சே!"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போகிறவர். பாய்களை உதறினேன், அரிசி டின்னை நகர்த்தினேன், பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். தரையில் கால் ஊன்றவே கூசியது. சேலை நுனி பட்டால்கூடத் துள்ளினேன்.

தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடந்த ஈரச்சாக்கைத் தூக்கியதும் தேளைக் கண்டேன். முதுகு முழுக்க அரிசி அரிசியாக ஏதோ ஒட்டியிருந்தது. அவை அசைந்தன. குட்டிகள்.

துடைப்பத்தோடு வந்த அம்மா கையை இறக்கினாள்.

"ஏட்டி, பிள்ளையப் பெத்துருக்கு."

இடுக்கியால் பிடித்துப் புட்டியில் போட்டேன். அப்பாவிடம் இருவருமே சொல்லவில்லை.

அடுத்த ஒரு வாரத்துக்கு மேல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. படிப்பேன், எழுந்து போய்ப் பார்ப்பேன். அம்மா திட்டிக்கொண்டே எனக்கு முன்பே போய்ப் பார்த்திருப்பாள். குட்டிகள் வெள்ளைத் தோலை உரித்துக் கறுத்தன. ஒவ்வொன்றாக முதுகைவிட்டு இறங்கின. அதற்குப்பின் தாயை ஃபார்மலினில் போட எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய், ஆள் நடமாட்டமில்லாத செங்கல் குவியலில் விட்டேன்.

கல்லூரியில் சிலந்தியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா, குட்டிகளோட கொண்டாந்திருக்கலாமேம்மா! நாங்க யாரும் பார்த்ததே இல்லையே."

அன்று மாலையே செங்கல் குவியலுக்கு ஓடினேன். குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.