தண்ணீர் படாத கை

என் வலது கைக்கு வாரண்டி உண்டு, இடது கைக்குக் கிடையாது. இதை நான் சொன்னால் எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

திருச்செங்கோட்டில் பாதிப் பேர் ரிக் வண்டி ஏறி வடக்கே போய்ப் பிழைத்தவர்கள். நானும் ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போடும் வண்டியில் டிரில்லராகத்தான் இருந்தேன். தெலங்கானாவில் ஒரு மொட்டைக் காட்டில் ராடு மாட்டும்போது வலது கை சிக்கிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் மிச்சம். அந்த நாளைப் பற்றி அதற்குமேல் பேச எனக்கு இஷ்டமில்லை. அந்தப் போரில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். வந்ததாம்.

சில வருஷங்கள் மொட்டைக் கையோடு இருந்தேன். பிறகு வண்டி முதலாளி, சேலத்தில் சூரமங்கலம் பக்கம் செயற்கைக் கை கால் பொருத்தும் இடம் ஒன்றை விசாரித்து, பேட்டரியில் ஓடும் கை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கும் துண்டில் உள்பக்கத் தசையை இறுக்கினால் விரல்கள் மூடும், வெளிப்பக்கத் தசையை இறுக்கினால் திறக்கும். ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஓர் உறுமல். "தண்ணி மட்டும் படவே கூடாது சார். வேர்வையும் ஆகாது" என்றாள் மாட்டிவிட்ட பெண். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வேர்வை ஆகாது என்கிறாள். "அதச் சித்திர வெயிலுகிட்டச் சொல்லும்மா" என்றேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பிடித்துப் பழக முட்டைதான் நல்லது என்றார்கள். நாமக்கல் சீமையில் முட்டைக்கா பஞ்சம்? ஓர் அட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கைக்குப் பிடிக்கத் தெரியும், ஆனால் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாது. பொருள் விரலுக்குள் இருக்கிறதா, நழுவுகிறதா, நசுங்குகிறதா என்று கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டிவி பக்கம் ஒரு நொடி திரும்பினால் மஞ்சள் கரு வேட்டியில் வழியும். "ஏனுங்க, இத்தன முட்டைய ஒடச்சதுக்குத் தின்னிருந்தாலாச்சும் ஒடம்புல ஒட்டியிருக்கும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மகளுக்கு மட்டும் அந்தக் கை வேடிக்கையாக இருந்தது. காலையில் எழுந்ததும், "அப்பா, கைக்குச் சார்ஜ் போட்டீங்களா?" என்பாள். அவளுக்காகத்தான் அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன். மற்றபடி எனக்கு அதன்மேல் பிரியம் எதுவும் கிடையாது. கழற்றினால் துண்டைப் போட்டு மூடி வைத்துவிடுவேன்.

அவளுக்குச் சேந்தமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தேதி குறித்த கையோடு என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, வந்ததிலிருந்து செருமிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காத. தாரைய நானும் உங்க அண்ணியும் வாத்துக் குடுத்தர்றோம்" என்றார்.

தாரை வார்ப்பது என்றால், அப்பா மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும், அம்மா மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். அதோடு பெண் அந்த வீட்டுப் பெண்.

"ஏனுங்ண்ணா, நான் உசுரோட இல்லீங்களா?"

"ரப்பரு கையில பொண்ணக் குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருதான் என்ற புள்ளைய வளத்தாங்களா?"

"சேரி, எடது கையில குடுப்பியாடா?"

எங்கள் பக்கத்தில் இடது கையால் திருநீறுகூட வாங்க மாட்டார்கள். அண்ணன் கெட்டவர் அல்ல. அவருக்கு இரண்டும் பையன்கள், பெண்ணைத் தாரை வார்க்கும் பாக்கியம் வாய்க்கவில்லை என்ற குறை உண்டு. ஆனால் அந்தக் குறையை என் மகளை வைத்தா தீர்த்துக்கொள்வது? கை போன பிறகு நான் எத்தனையோ விட்டுக்கொடுத்துவிட்டேன். பந்தியில் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டேன். வாசலில் நின்று வரவேற்க என்னைக் கூப்பிடாமல் விட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. இதை மட்டும் விட முடியாது என்று கத்தினேன். என் மகளின் கையை நான்தான் கொடுப்பேன்.

பஞ்சாயத்து, எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் போனது. பெரியவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"சோறு திங்கறது எந்தக் கையிலீங்க?"

"எடது கையிலதானுங்க."

"வெளிய போயிட்டு வந்து கழுவறது?"

"அதுவும் அதுலதானுங்க. வேற ஏதுங்க?"

"அப்ப இந்தக் கையில?"

"இதுல தண்ணியே படக் கூடாதுங்களே."

பெரியவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்பறம் என்னங்க? எச்சியும் தொடாம, அசிங்கமும் தொடாம, இத்தன பேர்ல சுத்தமான கை இது ஒண்ணுதானுங்க. வலப்பக்கம் இருக்குது, அது போதும். அந்த எடது கை மட்டும் கிட்ட வராமப் பாத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். என் உடம்பில் மிச்சமிருந்த ஒரே கையைத் தீட்டு என்று தள்ளி வைத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முகூர்த்தத்தன்று மண்டபம் அனலாகக் கொதித்தது. தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க மணிக்கட்டில் பாலிதீன் கவரைச் சுற்றி, அதன்மேல் பட்டுச்சட்டைக் கையை இழுத்துவிட்டிருந்தோம். உள்ளே வேர்வை ஊறிக்கொண்டிருந்தது. விரல் சொன்னபடி கேட்காமல் தானாகத் திறந்துவிடுமோ, இல்லை பிள்ளை கையை நசுக்கிவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. கெட்டிமேளம் முழங்கியது. மகள் வலது கையை நீட்டினாள். என் விரல்கள் மூடுவதை இமைக்காமல் பார்த்தேன். அதிகம் இறுக்கவில்லை, நழுவவும் விடவில்லை. மாப்பிள்ளை கையில் கொண்டுபோய் வைத்தேன். மனைவி செம்பிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் விட்டாள். விரலைத் திறந்தேன், திறந்தது.

சுற்றிலும் செல்போன்கள் என் கையையே படம் பிடித்தன. "பாருங்க, நெசக் கை தோத்துது போங்க!" என்றார் ஒருவர். அண்ணன் வந்து தோளைத் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது, மகள் கை அப்போது சூடாக இருந்ததா, பயத்தில் சில்லிட்டிருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கல்யாண வீடியோ ஆடி கழிந்துதான் வந்தது. மத்தியானம் நானும் மனைவியும் போட்டுப் பார்த்தோம். தாரை வார்க்கும் இடத்தில் நான் குனிந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், திருகாணி முடுக்குகிறவன் மாதிரி. என் இடது கை முதுகுக்குப் பின்னால் வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகள் அழுதுகொண்டே என் முகத்தையே பார்க்கிறாள். ஏதோ சொல்கிறாள். நான் நிமிரவில்லை. மறுபடியும் சொல்கிறாள். வீடியோவில் மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மனைவி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் வாயசைவிலிருந்து எதுவும் பிடிபடவில்லை. சேந்தமங்கலத்துக்குப் போன் போட்டேன்.

"தாரை வாக்கறப்ப என்னமோ சொன்னியே, என்ன சாமி சொன்ன?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கப்பா?"

"சொல்லு சாமி."

"எடது கையையும் வெச்சுப் புடிங்கப்பான்னு சொன்னேனுங்கப்பா."

"மேளச் சத்தத்துல கேக்கல சாமி."

"தெரியுங்கப்பா. அடுப்புல பாலு வெச்சிருக்கறேன், அப்பறம் பேசறேன்."

அவள் வைத்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் இடது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். சூடாக இருந்தது.