இந்தச் சுவருக்கு எங்கள் பூச்சு வேண்டாம்

மொட்டை மாடி ஒழுகாமலிருக்க அடிக்கிற பூச்சைத் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. பல்லாவரத்தில் ஆபீஸ். வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்வது பல வருஷமாக என் வேலை.

எல்லாக் கம்பெனிக்கும் இணையத்தில் பிளாக் இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. வெளியே கொடுத்து எழுதி வாங்கினார். ஆங்கிலம் அழகாகத்தான் இருந்தது. படத்தில் மட்டும் சாய்வான கூரைமேல் பனி கொட்டிக் கிடந்தது. தாம்பரத்தில் எந்த வீட்டு மேல் சார் பனி கொட்டுது என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். "அப்ப நீங்களே எழுதுங்க மேடம்" என்றார் கடுப்பாக. எனக்கும் ரோஷம் வந்தது. உட்கார்ந்து எழுதினேன்.

போனில் ஜனங்கள் கேட்பதைத்தான் தமிழில் எழுதினேன். அன்றைக்குத்தான் முடிச்சூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டிருந்தார். "மாடில ரெண்டு கோட் அட்ச்சிட்டேம்மா, கீழ செவுரு இன்னும் ஊறிகினே கீது. ஒரே பேஜாரு." மழைத் தண்ணீர் நின்று வடிகிற எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், மண்ணிலிருந்து ஏறும். இவர்கள் மாடிக்குப் பூச்சு அடிப்பார்கள். தரையை ஒட்டி உப்புப் பூத்து இடுப்பளவில் நின்றால் அது மாடி ஒழுகல் இல்லை, எங்கள் பூச்சை வாங்காதீர்கள் என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன்.

மேனேஜர் ஒரு வாரம் கழித்துத்தான் படித்தார். "நம்ம சரக்கை வாங்காதேன்னு நம்ம பிளாக்லயே போடுவாங்களா? திங்கக்கிழமைக்குள்ள தூக்குங்க. இல்லேன்னா வேற வேலை பார்த்துக்கோங்க."

"தூக்க மாட்டேன் சார். அதுல ஒரு வரி பொய் இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேப்பரில் வேலை விளம்பரங்களைப் பார்த்தேன். ஆனாலும் பதிவைத் தொடவில்லை.

திங்கட்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"அந்த போஸ்ட்டை எடுத்துட்டீங்களா?"

"இல்ல சார்."

"எடுக்காதீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ்க்கட்டளையில எங்க வீட்டுச் சுவரும் உதிருது. போன வருஷம் மாடிக்கு நம்ம பூச்சைத்தான் அடிச்சேன். என் ஒய்ஃப் நேத்து போன்ல தேடியிருக்காங்க, உங்க போஸ்ட்தான் முதல்ல வந்திருக்கு. எனக்கே படிச்சுக் காட்டினாங்க மேடம்."

"என்ன சார் சொன்னாங்க?"

"கம்பெனியை நம்பலாமாம். என்னைத்தான் நம்ப முடியாதாம்."

அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எத்தனையோ வருஷம் போனில் பேசியதெல்லாம் காற்றோடு போயிருந்தது. எழுதியது மேனேஜர் வீட்டுக்குள்ளேயே போய் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை.